சிலுவைப் போர்கள்: கேட்டவையும் சொன்னவையும்

சிலுவைப் போர்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் வாய்விட்டுவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. கல்லூரியில் நான் பாடம் எடுத்தது 1095 முதல் 1291 வரைதான், அதற்குள் நில்லுங்கள். இன்றைய தேர்தலை இதற்குள் கொண்டுவராதீர்கள். எண்ணோடு வருகிறவர்கள், அதை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.

திருச்சி ஆசிரியை: பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்கியது?

1071இல் மான்சிகர்ட்டில் செல்ஜுக் துருக்கியர் பைசாந்தியப் படையை, அதாவது கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமானியக் கிறிஸ்தவப் பேரரசின் படையை, முறியடித்தார்கள். இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனத்தோலியா கைநழுவத் தொடங்கியது. பேரரசர் அலெக்சியோஸ் மேற்கிடம் கேட்டது கூலிப்படை. போப் இரண்டாம் அர்பன் 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன்ட்டில் பேசிக் கிளப்பிவிட்டதோ ஒரு யாத்திரை. வாளேந்திய யாத்திரை, போனால் பாவத்துக்கான தண்டனை கழியும். 1099 ஜூலை 15இல் ஜெருசலேம் விழுந்தது. எடெஸ்ஸா, அந்தியோக்கியா, ஜெருசலேம், திரிபோலி என்று சிலுவைப் படையினரின் நான்கு அரசுகள் முளைத்தன. 1144இல் எடெஸ்ஸா முஸ்லிம்கள் கைக்குப் போயிற்று, 1187இல் ஜெருசலேம் சுல்தான் சலாவுதீன் கைக்கு, 1291இல் பாலஸ்தீனக் கடற்கரைக் கோட்டை அக்கோ (Acre). மணி அடித்துவிடலாம்.

சும்மா ஒருவன்: கடைசியில் யார் ஜெயித்தார்கள்?

மேலே கடைசி ஆண்டைப் பாருங்கள். அதைச் செய்தவர்கள் எகிப்தின் மம்லூக்குகள், அடிமைப் படைவீரர்களாக இருந்து ஆட்சியைப் பிடித்தவர்கள்.

கணக்குப்பிள்ளை: நிலமில்லாத இளைய மகன்கள் கொள்ளையடிக்கக் கிளம்பியதுதானே இது?

கொள்ளை நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் புறப்படவே பெரும் பணம் வேண்டும். நார்மண்டியின் கோமகன் ராபர்ட் தன் நாட்டையே தம்பியிடம் 10,000 மார்க்குக்கு அடகு வைத்துவிட்டுப் போனார். அவர் மூத்த மகன். ஜெருசலேம் கைக்கு வந்ததும் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் நேர்ச்சை முடிந்தது என்று ஊர் திரும்பினார்கள். நிலத்துக்காக வந்தவன் நிலம் கிடைத்த அன்றைக்கா மூட்டை கட்டுவான்?

வக்கீல்: 1099இல் 70,000 பேர் கொல்லப்பட்டார்கள். முழங்கால் அளவு ரத்தம் ஓடியது. நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

70,000 என்பது அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதியது. ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தியவர். 1099இலேயே வாழ்ந்த அந்தலூசிய (முஸ்லிம் ஸ்பெயின்) அறிஞர் இப்னுல் அரபி சொல்வது 3,000. ரத்தம் முழங்காலையும் குதிரையின் கடிவாளத்தையும் தொட்டது என்று எழுதியவர் படையோடு போன பாதிரியார் ரேமோன், கண்ணால் பார்த்தவர்தான். ஆனால் பைபிளை எடுத்து வெளிப்படுத்தின விசேஷம் 14:20ஐப் படியுங்கள். கடிவாளம் அங்கே இருக்கிறது. நடந்ததை வேத வாக்கு நிறைவேறியதாகக் காட்டுகிறார் அவர். நம் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன, அதை வைத்து யாராவது பிணக்கணக்கு எடுக்கிறோமா?

கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த கடிதங்களை நான் இவற்றைவிட அதிகம் நம்புவேன். அஸ்கலோன் யூதர்கள் பணம் திரட்டி ஜெருசலேமின் கைதிகளையும் வேதச் சுவடிகளையும் மீட்டது அவற்றில் இருக்கிறது. ஆகவே தப்பியவர்கள் உண்டு. அது படுகொலை என்பதிலும் ஐயமில்லை.

வக்கீல் (மறுபடியும்): நாசூக்காகக் குறைத்துக் காட்டுகிறீர்கள்.

கோட்டைப் பித்தன்: அவரை விடுங்கள். 1268இல் அந்தியோக்கியாவில் மம்லூக் சுல்தான் பைபார்ஸ் செய்த படுகொலையை ஏன் யாரும் பேசுவதில்லை?

வக்கீல்: 1191இல் அக்கோவில் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டு வெட்டிய கைதிகளைப் பேசிவிட்டு அதற்கு வரலாம்.

இருவரும் சொல்வது நடந்ததுதான். ரிச்சர்டு வெட்டவைத்தவர்கள் சுமார் 2,700 பேர், அவர்களை மீட்கும் பேரம் இழுத்துக்கொண்டே போனது என்பதற்காக. பைபார்ஸ், ஊரில் இல்லாத அந்தியோக்கியா அதிபதிக்கு, நீ இருந்திருந்தால் என்னென்ன பார்த்திருப்பாய் என்று கடிதமே எழுதினார். ஆனால் நீங்கள் இருவரும் தராசின் இரண்டு தட்டிலும் கல்லை அடுக்குகிறீர்கள், 1096 எந்தத் தட்டிலும் இல்லை. ஜெருசலேமுக்கென்று கிளம்பிய கும்பல்கள் ஒரு முஸ்லிமைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே ரைன் நதிக்கரையில் வோர்ம்ஸ், மைன்ஸ் யூதர்களைக் கொன்று தீர்த்தன. மைன்ஸில் பேராயர் அரண்மனையில் தஞ்சம் புகுந்தும் பிழைக்கவில்லை. அவர்களுக்காக இங்கே கோபப்பட ஆளில்லை. இத்தோடு இந்த வழக்கை முடிக்கிறேன்.

நிலா: சலாவுதீனும் ரிச்சர்டும் சந்தித்தபோது என்ன பேசினார்கள்?

சந்திக்கவே இல்லை. சினிமா பார்த்துவிட்டு வராதீர்கள்.

பழைய மாணவி: 1187இல் சலாவுதீன் எல்லோரையும் மன்னித்து விட்டுவிட்டாராமே, சார்?

நகரம் பணிந்தபின் ரத்தம் சிந்தவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் மீட்புத்தொகை உண்டு, அம்மா. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5. ஏழைகள் பலருக்காகத் தொகை தள்ளுபடி ஆனது, அப்படியும் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் போனார்கள்.

தேனி வாசகர்: சண்டையே இல்லாமல் ஜெருசலேம் கைமாறியது உண்டா?

இதற்குத்தான் காத்திருந்தேன். 1229. புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கைப் போப் சபைக்கு வெளியே தள்ளிவைத்திருந்தார். எகிப்து சுல்தான் அல் காமிலுக்கோ சொந்தக் குடும்பத்திலேயே தகராறு. இருவரும் தூதர் மூலம் பேசிப் பத்து ஆண்டுக்கு உடன்படிக்கை போட்டார்கள். நகரம் பிரெடரிக்குக்கு, மசூதி வளாகம் முஸ்லிம்களுக்கு. இரண்டு பக்கமும் திட்டித் தீர்த்தது. 1244இல் நகரம் மறுபடி கைமாறியபோது ரத்தம் ஓடியது.

சும்மா இருவன்: யார் ஜெயித்தார்கள்?

1291.

புதையல்: டெம்பிளர்கள் ஒளித்துவைத்த தங்கம் எங்கே?

அந்தப் போர்த்துறவிகள் ஒளித்துவைத்த தங்கம் எங்கும் இல்லை.

கல்லூரி நண்பன்: இதன் வடு இன்றும் இருக்கிறதா?

ஆறாமல் கிடந்த வடு 1204. வெனிஸுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட 85,000 மார்க்கைக் கட்ட முடியாத சிலுவைப் படை, கடைசியில் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியது. கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களின் நகரத்தை. அங்கிருந்து தூக்கிய நான்கு குதிரைச் சிலைகள் இன்றும் வெனிஸில்தான். 2001இல் ஏதென்ஸ் போன போப் இரண்டாம் ஜான் பால் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

முஸ்லிம் பக்கம் 900 ஆண்டாக அணையாத பகை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மங்கோலியர் 1258இல் பாக்தாதை அழித்தது அவர்களுக்கு இதைவிடப் பெரிய இடி. ‘சிலுவைப் போர்’ என்பதற்கான அரபுச் சொல்லே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்த்தபோது புழக்கத்துக்கு வந்தது. 1898இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் டமாஸ்கஸில் சலாவுதீன் கல்லறைக்கு மாலை வைத்தார். அந்த மாலை இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தப் பகையில் பாதி, காலனி ஆட்சிக் காலத்தில் தூசி தட்டி எடுத்தது.

மரைக்காயர் பேரன்: எங்கள் பாட்டி போர்த்துக்கீசியரைப் ‘பறங்கி’ என்பார். அந்தச் சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

நேரடி உறவு. பிரான்சிலிருந்தும் சுற்றிலுமிருந்தும் வந்த ‘பிராங்க்’ கூட்டத்தை அரபிகள் இஃப்ரஞ்ச் என்றார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி, கடலோடு இங்கே வந்து பறங்கி ஆயிற்று.

புதையல் கேட்டவரே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1312இல் டெம்பிளர் சபை கலைக்கப்பட்டபோது போர்த்துக்கல் அரசர் தினிஸ் அவர்கள் சொத்தை வெளியே விடாமல், 1319இல் கிறிஸ்துவின் சபை என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி அதற்கு மாற்றிவிட்டார். பின்னாளில் அதன் தலைவராக இருந்தவர் கடற்பயணங்களுக்குப் பணம் போட்ட இளவரசர் ஹென்றி. அந்தச் சபையின் சிலுவையைப் பாயில் தாங்கித்தான் போர்த்துக்கீசியக் கப்பல்கள் நம் கடலுக்கு வந்தன. போர்த்துக்கலில் இருந்த டெம்பிளர் சொத்து போன வழி அது.

சும்மா மூவன்: அப்போ யார் ஜெயித்...

அடுத்தவர்.

சமையல்கட்டு: பரங்கிக்காயும் இந்தப் பறங்கிதானா?

அதே பறங்கிதான். காய் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது, பறங்கியர் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். சிலுவைப் போர்க் காலத்தில் ஜெருசலேம் பக்கமே அது போனதில்லை. எனக்கு அடையில் போட்டால் பிடிக்கும்.