அரை மாரத்தான்: போட்டியாக ஓடுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கைக்கடிகாரம் பந்தயம்தோறும் 21.3 கிலோமீட்டர் காட்டுகிறது. பாதையைத் தவறாக அளந்துவிட்டார்களா, ஐயா?

பதில்: அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர். சான்று பெற்ற பாதையை, சக்கரச் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியைக் கொண்டு, ஓடக்கூடிய மிகக் குறைந்த தூரமுள்ள வழியில், வளைவுகளில் சாலை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டியும் வைப்பதால், பாதையே ஏறத்தாழ 21 மீட்டர் நீண்டிருக்கும். எஞ்சிய வேறுபாடு, கூட்டத்தில் விலகி விலகி ஓடுவதாலும், வளைவுகளை வெளிப்புறமாகச் சுற்றுவதாலும், கடிகாரத்தின் செயற்கைக்கோள் கணக்கில் நேரும் பிழையாலும் வருவது.

கேள்வி: 10 கிலோமீட்டரை முழு மூச்சாக ஓடினால் 50 நிமிடம் ஆகிறது. அரை மாரத்தானை 1 மணி 45 நிமிடத்தில் முடிக்க இயலுமா?

பதில்: இப்போதைக்கு இயலாது என்றே சொல்வேன். அந்த இலக்குக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான வேகம் வேண்டும். அது உங்கள் 10 கிலோமீட்டர் வேகத்தையே மிஞ்சுகிறது. உங்களுக்கு நியாயமான இலக்கு 1 மணி 50 நிமிடம். கடுமையாக உழைக்கும் தசைகளில் லாக்டேட் என்னும் வேதிப்பொருள் உருவாகும் வேகமும் உடல் அதை அகற்றும் வேகமும் ஈடுகொடுத்து நிற்கும் எல்லையை ஒட்டி ஓடுவதுதான் இந்தப் பந்தயத்தின் சாரம். ஒரு மணி நேரத்தில் முடிக்கும் முன்னணி வீரர்கள் அந்த எல்லையிலேயே ஓடலாம்; இரண்டு மணி நேரத்தை நெருங்கும் நாம் அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்க வேண்டும். முதல் 3 கிலோமீட்டரை 5 நிமிடம் 20 விநாடி வீதம் ஓடுங்கள். எல்லோரும் உங்களைக் கடந்து போவார்கள், போகட்டும். பிறகு 5 நிமிடம் 11 விநாடியில் நிலைகொள்ளுங்கள். 16ஆவது கிலோமீட்டரில் தோள்கள் காதை நோக்கி உயர்ந்து, காலடி கனத்து விழத் தொடங்கும். முதலில் அடக்கி வைத்த அந்த விநாடிகளின் அருமை அங்கேதான் தெரியும்.

கேள்வி: தடகள ஓடுதளத்தில் 10,000 மீட்டர் ஓடுபவருக்கு இது பொருந்துமா?

பதில்: மிக நன்றாகப் பொருந்தும். மகளிர் 5,000, 10,000 மீட்டர் உலக சாதனைகளை வைத்திருந்த எத்தியோப்பியாவின் லெட்டசன்பெட் கிடே, 2021இல் வலென்சியாவில் தமது முதல் அரை மாரத்தானையே 1 மணி 2 நிமிடம் 52 விநாடியில் ஓடி மகளிர் உலக சாதனை படைத்தார். ஒலிம்பிக்கில் இத்தூரம் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆயினும் உலக சாம்பியன்ஷிப் 1992இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொடங்கிவிட்டது.

கேள்வி: சரிவான பாதையில் ஓடிய நேரம் சாதனையாக ஏற்கப்படுமா?

பதில்: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான இறக்கம் கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு மீட்டரைத் தாண்டினால் ஏற்கப்படாது. அவ்விரு இடங்களுக்கும் உள்ள நேர்கோட்டுத் தொலைவும் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் பின்காற்றே வழிநெடுக ஓட்டக்காரரைத் தள்ளிவிடக்கூடும்.