விலை உயர்ந்த கண் ஒப்பனை: எதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: நான் மும்பையில் செம்பூரில் வசிக்கிறேன், பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள ஒரு வங்கியில் வேலை. இதுவரை 200, 300 ரூபாய்க்குள் கிடைக்கும் காஜலையும் மஸ்காராவையும்தான் பயன்படுத்தி வந்திருக்கிறேன். காலையில் கண்ணின் உள்விளிம்பில் தீட்டிய மை, ரயில் ஏறிக் குர்லாவில் இறங்கும்போதே கீழிமைக்கு வழிந்துவிடுகிறது. ஆனி மாதம் மாட்டுங்காவில் தங்கைக்குக் கல்யாணம். 5,500 ரூபாய்க்கு 12 நிறங்கள் கொண்ட ஐஷேடோ (இமை மேல் பூசும் நிறத்தூள்) பேலட்டும், 2,800 ரூபாய்க்கு மஸ்காராவும் வாங்கும்படி தோழிகள் சொல்கிறார்கள். இவ்வளவு பணம் கொடுப்பது தகுமா? நான் மாநிறம்; கான்டாக்ட் லென்ஸ் அணிபவள்; சைவம்.

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மை வழிவது ஒன்று. கல்யாணத்துக்காக வாங்க நினைக்கும் பொருள்களின் விலை மற்றொன்று. முதல் சிக்கல் 2,000 ரூபாய் காஜல் வாங்கினாலும் தீராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகுசாதனப் பொருள்களை உருவாக்கும் ஆய்வகத்தில் 19 ஆண்டுகளாக வேலை செய்துவரும் அனுபவத்தில், எந்தப் பொருளில் விலை உண்மையாகவே வேலை செய்கிறது, எதில் டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் போய்விடுகிறது என்பதை விளக்க முயல்கிறேன்.

காஜல் என்பது அடிப்படையில் மெழுகும் எண்ணெயும் சேர்ந்த கலவை. அதில் கரித்தூளோ கறுப்பு இரும்பு ஆக்சைடோ நிறத்துக்காகச் சேர்க்கப்படுகிறது. நீங்கள் அதைத் தீட்டும் உள்விளிம்பு எப்போதும் கண்ணீரால் நனைந்திருக்கும் இடம். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அந்த ஈரம் புதிதாகப் பரவுகிறது. அதோடு, இமைக்கு இருபதுக்கும் மேற்பட்ட நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் அந்த விளிம்பில்தான் வாய் திறக்கின்றன. மெழுகு ஈரத்தில் ஒட்டாது, எண்ணெயிலோ கரைந்துவிடும். ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காஜலும் அந்த இடத்தில் சில மணி நேரத்துக்கு மேல் நிற்காது. லென்ஸ் அணியும் உங்களுக்கு இதில் இன்னொரு கேடும் உண்டு: கரைந்த மெழுகும் நிறமியும் லென்ஸின் மேல் படிந்து பார்வையை மங்கச் செய்யும், நாள்பட்டால் சுரப்பிகளின் வாயையும் அடைக்கக்கூடும். உள்விளிம்பில் தீட்டுவதை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இமை மயிர்களுக்கு வெளியே, தோலின் மேல், மயிர்க்கால்களை ஒட்டிக் கோடு வரைந்தால் கண் அதே அளவு எடுப்பாகத் தெரியும்.

அந்தக் கோட்டுக்குக் காஜலைவிட ஜெல் பென்சில் ஏற்றது. இதன் கலவையில் ஐசோடோடெக்கேன் போன்ற, விரைவில் ஆவியாகும் கரைப்பான் இருக்கும். தீட்டிய அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் அது ஆவியாகி, நிறமியைப் பிடித்துக்கொண்ட ஒரு மெல்லிய பிசின் படலத்தைத் தோலின் மேல் விட்டுச்செல்கிறது. மும்பைக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தூரிகையால் தீட்டும் திரவ ஐலைனர்களில் பெரும்பாலானவை நீரை அடிப்படையாகக் கொண்டவை. ஜூலை மாதத்தில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது அந்த நீர் மெதுவாகத்தான் உலரும், அதற்குள் நாம் நாலு முறை இமைத்து மேலிமையில் அச்சு விழுந்துவிடும். ஐசோடோடெக்கேன் ஆவியாவதற்குக் காற்றிலுள்ள ஈரம் தடையாக இருப்பதில்லை. இந்த வகைப் பென்சில் 500, 600 ரூபாயிலேயே நன்றாகக் கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் கோடு சற்று வழுக்கலாகச் செல்லும், நிறம் ஒரே இழுப்பில் அடர்த்தியாக விழும். நீடித்து நிற்கும் நேரத்தில் விலைக்கேற்ற வேறுபாட்டை நான் கண்டதில்லை.

கடையில் சோதிக்கும்போது, பொதுவில் வைத்திருக்கும் பென்சிலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, மூக்கின் ஓரத்தைத் தொட்ட விரலால் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் விட்டுச் சோதிப்பதால் பெரிதாக ஒன்றும் தெரிய வராது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருக்கும் பெரும்பாலான பொருள்கள் தண்ணீரைத் தாங்கும். மையைக் கலைப்பது நம் தோலில் சுரக்கும் எண்ணெய்தான். எடையையும் பாருங்கள். 0.35 கிராம் காஜல் 250 ரூபாய் என்றால், கிராமுக்கு 714 ரூபாய் ஆகிறது, 1.2 கிராம் பென்சில் 900 ரூபாய் என்றால், கிராமுக்கு 750 ரூபாய். டப்பாவின் மேல் மூன்றரை மடங்கு விலை போலத் தெரிவது, கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒரே விலையாக இருப்பதுண்டு.

மஸ்காராவுக்கு 2,800 ரூபாய் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் தூரிகை இமை மயிரைத் தொட்டுவிட்டு மறுபடி குழாய்க்குள் போகிறது. அதனுடன் கிருமிகளும் உள்ளே போகின்றன. கலவையிலுள்ள பதனப்பொருள் ஒரு காலம் வரைதான் அவற்றைக் கட்டுப்படுத்தும். லென்ஸ் அணிபவர் திறந்த மூன்று மாதத்தில் மஸ்காராவைத் தூக்கிப்போட வேண்டும் என்பது நான் வீட்டிலும் விட்டுக்கொடுக்காத விதி. அப்படிப் பார்த்தால் 2,800 ரூபாய் மஸ்காராவுக்கு மாதம் 930 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. 500 ரூபாய் மஸ்காராவுக்கு மாதம் 167 ரூபாய்தான். விலையைப் பார்த்து, கெட்டுப்போனதைத் தூக்கிப்போட மனமில்லாமல் எட்டு மாதம் பயன்படுத்துவதே பலர் வீட்டில் நடக்கிறது. அது கண்ணுக்கு ஆபத்து. தரத்திலும் நீங்கள் அஞ்சும் அளவு இழப்பு இல்லை. எடுத்துக்காட்டாக, உயர்விலைப் பிராண்டான லான்கோமை லோரியால் நிறுவனம் 1964இல் வாங்கியது. குறைந்த விலைப் பிராண்டான மேபலினை 1996இல் வாங்கியது. இரண்டும் ஒரே கலவையைக் குழாயில் அடைத்து விற்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் மெழுகு, படலம் உண்டாக்கும் பாலிமர், இரும்பு ஆக்சைடு ஆகியவற்றைக் கையாளும் அறிவு ஒரே நிறுவனக் குடும்பத்துக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி தூரிகையின் வடிவத்தால் வருவது.

இனி ஐஷேடோ. கூடுதல் பணத்துக்கு நியாயம் இருக்கக்கூடிய இடம் இதுதான். ஆனால் எல்லா நிறத்துக்கும் இல்லை. டப்பாவின் பின்புறம் ‘சி.ஐ.’ (கலர் இண்டெக்ஸ், அதாவது நிறமிகளுக்கான எண் பட்டியல்) என்று தொடங்கும் எண்களைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு, 77891 வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு, 77019 மைக்கா என்னும் பளபளக்கும் கனிமம். பளபளப்பில்லாத பழுப்பு, காவி, காப்பிக்கொட்டை நிறங்கள் எந்த விலையில் வாங்கினாலும் இந்த மூன்று இரும்பு ஆக்சைடுகளின் கலவைதான். நிறமி ஒன்றாக இருந்தும் தோற்றம் மாறுவது எதனால் என்றால், அதனுடன் கலக்கும் நிரப்பிகளால். விலை மலிவான தூள்களில் டால்க்கும் வெள்ளை நிறமியும் தாராளமாக இருக்கும். வெளிர் தோலில் அது மென்மையாகத் தெரியும். நம் மாநிறத்திலோ சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பல பெண்கள் ‘எனக்கு ஐஷேடோ ஒத்துக்கொள்ளாது’ என்று முடிவு கட்டிவிடுவதற்கு இதுவே காரணம், குறை அவர்கள் நிறத்தில் இல்லை; இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் சற்று வருத்தம் எழுகிறது. முன்கையின் உட்புறத்தில் விரலால் ஒருமுறை தடவி, கடை விளக்கிலிருந்து விலகி வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெண்மை படர்ந்தால் வைத்துவிடுங்கள். விலை எதுவானாலும் சரி.

பளபளப்பான நிறங்களில் கதை வேறு. மைக்காத் துகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய பூச்சாகப் படியவைத்து இவற்றைச் செய்கிறார்கள். அந்தப் பூச்சின் தடிப்பு சற்றே மாறினாலும் பளபளப்பின் நிறம் பொன்னிலிருந்து செம்மைக்கோ நீலத்துக்கோ மாறிவிடும். பூச்சைச் சீராகப் படியவைப்பதற்கும், துகள்களை அளவு பிரித்துச் சலிப்பதற்கும், இயற்கை மைக்காவுக்குப் பதிலாகக் கலப்பற்ற செயற்கை மைக்காவைப் பயன்படுத்துவதற்கும் உண்மையாகவே செலவு ஆகிறது. மலிவான பளபளப்பில் துகள்கள் பெரியவையாகவும், அவற்றைப் பிணைக்கும் எண்ணெய் குறைவாகவும் இருப்பதால், அரை மணியில் கன்னத்தில் உதிரும். லென்ஸுக்கு அடியில் ஒரு துகள் புகுந்தால் கண் சிவந்து நீர் வழியும். ஆகவே பட்டுப்புடவையின் சரிகைக்கு இணையாக ஒரு பொன்னிறம் வேண்டுமென்றால், அந்த ஒன்றுக்கு 1,500 ரூபாய் கொடுப்பதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 12 நிறப் பேலட் வேண்டாம். 5,500 ரூபாயை 12ஆல் வகுத்தால் நிறத்துக்கு 458 ரூபாய் என்று மலிவாகத் தோன்றும். அதில் நீங்கள் தொடர்ந்து தொடப்போவது மூன்று நிறங்கள் என்றால், ஒன்றின் விலை 1,833 ரூபாய் ஆகிவிடுகிறது. தனித்தனியாக விற்கும் நிறங்களில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் சைவம் என்பதால் ஒரு குறிப்பு: மெரூன், ரோஜா, ஊதா கலந்த சிவப்பு நிறங்களில் சி.ஐ. 75470 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது கார்மைன், ஒரு பூச்சியினத்திலிருந்து எடுக்கப்படும் சாயம். விலை கூடிய பிராண்டுகளிலும் அது உண்டு.

நிறம் நிற்பதற்கு நிறத்தின் விலையைவிடப் பிரைமர், அதாவது நிறத்துக்கு முன் இமையில் பூசும் அடிப்பூச்சு, முக்கியம். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது, எப்போதும் மடிந்து விரிவது. அதில் ஊறும் எண்ணெயை முதலில் தடுத்துவிட்டால் நடுத்தர விலை ஐஷேடோவும் மாலை வரை மடிப்பில் சேராமல் இருக்கும். 700 ரூபாய் பிரைமர் ஒன்று ஓராண்டுக்கு வரும். தூரிகைகளிலும் தயங்காமல் செலவு செய்யுங்கள். நல்ல தூரிகை, மாதம் இருமுறை ஷாம்பூ போட்டுக் கழுவினால், பத்து ஆண்டுகள் உழைக்கும்.

விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதுகாப்பு என்பது சட்டத்துக்கு உட்பட்ட பொருளா, இல்லையா என்பதைப் பொறுத்தது. நம் நாட்டின் அழகுசாதன விதிகள், 2020இன்படி, நிறத்துக்காக ஈயச் சேர்மங்களையோ ஆர்செனிக் சேர்மங்களையோ பயன்படுத்தத் தடை உண்டு. கண் பகுதிக்கான பொருளில் பாதரசம் பத்து லட்சத்தில் 70 பங்கைத் தாண்டக் கூடாது. உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவை அச்சிடப்பட்ட 200 ரூபாய் பொருளும் 2,000 ரூபாய் பொருளும் இந்த வரம்புக்குள்தான் வர வேண்டும். கிராஃபர்டு மார்க்கெட் பகுதியில் நேர்மையான மொத்தக் கடைகள் பல உண்டு. ஆனால் வெளிநாட்டுப் பிராண்டு ஒன்று மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால், பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். இல்லையென்றால் அது போலி என்றே கொள்ளலாம். முகவரியற்ற சிமிழ்களில் வரும் சுர்மா என்னும் கண்மைத் தூளை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கலீனா என்னும் ஈயத் தாதுவை அரைத்துச் செய்வது அதில் வழக்கம். பாட்டி விளக்குப் புகையில் பிடித்துத் தரும் மையில் ஈயம் இருக்காது என்றாலும், பதனப்பொருள் இல்லாத அது கிருமி வளர இடம் தரும். லென்ஸ் அணிந்த கண்ணுக்கு வேண்டாம்.

நீங்கள் ஒதுக்கிய 8,300 ரூபாயில் நானாக இருந்தால் இப்படிச் செலவு செய்வேன்: ஜெல் பென்சில் 600, மஸ்காரா 500, பிரைமர் 700, பொன்னிறப் பளபளப்பு 1,500, பளபளப்பில்லாத பழுப்பு நிறங்கள் இரண்டுக்கு 1,200, தூரிகைகள் இரண்டுக்கு 1,200, கண் ஒப்பனையைக் கலைக்கும் ரிமூவர் 400. மொத்தம் 6,100 ரூபாய். மஸ்காராவைத் தவிர மற்றவற்றை மூன்று வாரம் முன்னதாகவே வாங்கி அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வருமென்றால் அது கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.

கல்யாணத்தன்று நீங்கள் சமாளிக்க வேண்டியவை ஆனி மாதப் புழுக்கமும் ஹோமப் புகையும். புகையில் கண்ணீர் வரத்தான் செய்யும். அதற்கு வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவைவிட, ஒவ்வொரு மயிரிழையையும் சுற்றிப் பாலிமர் குழாய்போல் படியும் ‘ட்யூபிங்’ வகை உங்களுக்கு நல்லது. கண்ணீருக்கும் தோலெண்ணெய்க்கும் கரையாது, இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து இழுத்தால் தானாகக் கழன்று வரும். இந்த வகையும் நடுத்தர விலையில் கிடைக்கிறது. லென்ஸை முதலில் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பனை செய்யுங்கள். வீடு திரும்பியதும் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பிறகு ஒப்பனையைக் கலையுங்கள். மண்டபத்தில் கண் கலங்கும்போது புடவைத் தலைப்பால் துடைக்காமல், மெல்லிய காகிதக் கைக்குட்டையின் முனையைக் கீழிமையின் வெளிக்கோடியில் ஒற்றி எடுத்தால் போதும்.