ஓரியன் நெபுலாவின் இளம் விண்மீனைச் சிறிய தொலைநோக்கியில் பார்ப்பது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். படிவம் 4 படிக்கும் மகளிடம் 70 மி.மீ. தொலைநோக்கி இருக்கிறது. குவியத் தூரம் 700 மி.மீ.; கூடவே 25, 10 மி.மீ. கண்வில்லைகளும் உருவத்தை மேலும் 3 மடங்கு பெரிதாக்கும் பார்லோ வில்லையும் வந்தன. ஓரியன் நெபுலா என்ற வாயு முகிலுக்குள் மிகச் சூடான இளம் விண்மீன் ஒன்று இருப்பதாகப் படித்தாள். எங்களுக்குச் சாம்பல் நிறப் புகைதான் தெரிகிறது. படங்களில் உள்ள சிவப்பு இல்லை. கருவியில் கோளாறா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்த புகையை ஒளிரவைப்பதே மகள் தேடும் விண்மீன்தான். பெயர் தீட்டா-1 ஓரியானிஸ் சி. நிறை சூரியனைப்போல் 30 மடங்குக்கு மேல். மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 39,000 கெல்வின். சூரியனுக்கு 5,800 கெல்வின்தான். இந்தச் சூட்டில் ஒளியின் பெரும்பகுதி புறஊதாவாக வெளியேறுகிறது. அதில் 91 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் உள்ளது சுற்றியிருக்கும் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும். பிரிந்த எலக்ட்ரான் மறுபடி சேரும்போது 656 நானோமீட்டர் சிவப்பு பிறக்கிறது. முகிலில் உள்ள ஆக்சிஜன் 501 நானோமீட்டரில் பச்சை தருகிறது.

இருட்டில் நம் கண் நம்பியிருக்கும் குச்சி செல்கள் நிறம் பிரிக்காதவை; சிவப்பு அவற்றுக்கு எட்டுவதே அரிது. அதனால்தான் சாம்பல், சிலர் கண்ணுக்கு லேசான பச்சை. சிவப்புக்காகப் பெரிய கருவி வாங்கிவிடாதீர்கள்.

இவ்வளவு பெரிய விண்மீன் ஏன் முகிலுக்குள்ளேயே இருக்கிறது என்று மகள் கேட்டால்: அதன் எரிபொருள் கையிருப்பு அதிகம், செலவு அதைவிட அதிகம். சூரியனுக்கு வயது 4,600 மில்லியன் ஆண்டுகள். இதற்கோ மொத்த ஆயுளே சில மில்லியன் ஆண்டுகள். பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போக நேரம் இருக்காது. நமக்கு 1,350 ஒளியாண்டு தள்ளி இருப்பதால், இன்று கண்ணில் படும் ஒளி பல்லவர் காலத்தில் கிளம்பியது.

இனி நேரம். உங்கள் ஊரில் இந்த நெபுலா 80 பாகை வரை ஏறும், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். காற்றுப் படலம் குறைவு என்பதால் காட்சிக்கு அது நல்லது. ஆனால் சிறிய முக்காலியில் குழாயின் பின்புறம் முக்காலியின் காலில் இடிக்கும். ஆகவே உச்சிக்கு வரும் முன்போ பின்போ, 50 பாகை உயரத்தில் பிடியுங்கள்: டிசம்பர் நடுவில் இரவு 10.30, ஜனவரி நடுவில் 8.45, இரண்டும் கிழக்கில். பிப்ரவரி நடுவில் 11.30, மேற்கில்.

நிலா இல்லாத நாள் வேண்டும். தை அமாவாசைக்கு முன் ஒரு வாரமும் பின் மூன்று நாளும் அருமை. மார்கழித் திருவாதிரை கூடாது. திருவாதிரை என்பதே வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் செந்நிறத் தோள் விண்மீன், அன்று முழுநிலா அதன் பக்கத்தில் நிற்கும். தைப்பூசமும் பௌர்ணமிதான்.

வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள். அங்கிருந்து தெற்கே, நீட்டிய கையில் மூன்று விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கினால் மங்கலான வாள். அதன் நடுப்புள்ளியை 25 மி.மீ. கண்வில்லையில் பிடியுங்கள், 28 மடங்கு பெரிதாகும், புகை நன்றாகத் தெரியும். பிறகு 10 மி.மீ. வில்லையை மாட்டுங்கள், 70 மடங்கு. புகை மங்கும், ஆனால் நடுவில் நான்கு விண்மீன்கள் சின்னச் சரிவகமாகப் பிரியும். இவற்றில் பிரகாசமானது எதுவோ அதுதான் சி. இடம் வலம் பார்த்து அடையாளம் காண முயலாதீர்கள், சாய்வுக் கண்ணாடி படத்தைப் புரட்டிவிடும். பார்லோவைப் பெட்டியிலேயே விடுங்கள்: 10 மி.மீ. வில்லையோடு அது தரும் 210 மடங்கு 70 மி.மீ. கருவிக்குத் தாங்காது, 140 தான் எல்லை.

நான்கும் ஒட்டிக்கொண்டு குதித்தால், வெயிலில் காய்ந்த தகரக் கூரைக்கு மேலாகவோ தார்ச்சாலை ஓரத்திலோ நீங்கள் நிற்கிறீர்கள். புல் திடலுக்கு மாறுங்கள். தோட்டத்துக்குள் வேண்டாம்; பாம்பு நடமாட்டம் உண்டு. அருகே ஆலை விளக்கு இருந்தால், அதை மரமோ சுவரோ மறைத்தால் போதும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். டார்ச் முகப்பில் சிவப்பு அங்பாவ் உறையைக் கட்டிக்கொள்ளுங்கள். புகையை நேராக முறைக்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் அதன் சிறகுகள் நீளும்.

சிவப்பைப் பார்க்கக் கைப்பேசி உதவும். தனியாக முக்காலியில் வைத்து, ஐஎஸ்ஓ 1600, 10 விநாடி, டைமர் 3 விநாடி. வாளின் நடுவே இளஞ்சிவப்புப் புள்ளி விழும். தொலைநோக்கி வழியாக எடுத்தால் கால் விநாடியைத் தாண்ட வேண்டாம். பூமி சுழல்வதால் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்வு; நான்கில் நெருங்கிய இணைகளுக்கு இடையே இருப்பதோ 9 முதல் 13 வில்விநாடிதான், ஒரு விநாடியிலேயே ஒன்றாகிவிடும்.

நம் ஊரில் அதிகம் கெடுப்பது பனி. ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து வந்தால் மூடியைத் திறக்காமல் அரை மணி வெளியில் வையுங்கள். கறுப்பு அட்டையைச் சுருட்டி, முகப்பைத் தாண்டி 10 செ.மீ. நீளுமாறு மாட்டுங்கள். ஈரம் படிந்தால் துணியால் துடைக்காதீர்கள்; பூச்சில் கீறல் விழும். முடி உலர்த்தியின் மிதமான காற்று போதும். முழுதாக உலர்ந்த பிறகே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடுங்கள். ஈரத்தோடு மூடிய வில்லையில் பூஞ்சை வேர்விடும், அது கண்ணாடியையே அரிக்கும்.