வாசலுக்கு வராத பேப்பர்: கேள்வி பதில்

அமெரிக்காவில் பல நாளிதழ்கள் செலவைக் குறைப்பதற்காக, வீட்டுக்குப் பேப்பர் போடுவதை வாரத்தில் இரண்டு மூன்று நாளாகச் சுருக்கிவிட்டன. பத்திரிகையின் விற்பனையையும் விநியோகத்தையும் கவனிக்கும் சர்க்குலேஷன் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

சார், அச்சடிக்கத்தான் போகிறார்கள். வீட்டுக்குப் போடுவதை நிறுத்தினால் அப்படி என்ன மிச்சமாகும்? எங்கள் தெருவில் பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறான். (மதுரை)

அமெரிக்கப் புறநகரில் சைக்கிள் எடுபடாது. வீட்டுக்கு வீடு தூரம் அதிகம். பேப்பர் போடுகிறவர் நடுநிசி தாண்டிக் கிடங்குக்குப் போய், கட்டைப் பிரித்து, உறையில் சுருட்டிப் போட்டு, தன் சொந்தக் காரில் கிளம்புவார். பெரும்பாலும் அவர் ஒப்பந்தக்காரர்தான், நிறுவனத்தின் ஊழியர் அல்ல. ஒரு ரூட்டில் நூறு சந்தா ஐம்பதாகக் குறைந்தாலும் கார் ஓட வேண்டிய தூரம் அவ்வளவாகக் குறையாது. பெட்ரோலும் நேரமும் ஏறக்குறைய அதேதான். அப்படியானால் ஒரு பேப்பரைக் கொண்டு சேர்க்கும் செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. சந்தா குறைய ஆரம்பித்ததும் நிர்வாகத்தின் கண் முதலில் விநியோகத்தின் மேல் விழுவது இதனால்தான்.

டெட்ராய்ட்டில் வீட்டுக்குப் பேப்பர் போட ஏன் வியாழன், வெள்ளி, ஞாயிறு என்று தேர்ந்தெடுத்தார்கள்? (டிராய், மிச்சிகன்)

விளம்பரம் அதிகம் வரும் நாட்கள் அவை. ஞாயிறு பேப்பருக்குள் கூப்பன்களும் கடை நோட்டீஸ்களும் கட்டுக்கட்டாக இருக்கும். வார இறுதித் தள்ளுபடிக்கு வியாழனும் வெள்ளியும். 2008 டிசம்பரில் அறிவித்து, 2009 மார்ச் 30 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ‘டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்’ அந்த மூன்று நாளும், ‘டெட்ராய்ட் நியூஸ்’ வியாழன், வெள்ளி மட்டும். மற்ற நாட்களில் கடையில் மெலிந்த பதிப்பு. சந்தாதாரர்கள் திரையில் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுதான் அங்கத்திய கார் நிறுவனங்களான கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனு கொடுத்தன. கார் விளம்பரத்தை நம்பியிருந்த ஊரில் பத்திரிகைக்கு வேறு வழி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக் குறைத்து நன்றாக வந்த பத்திரிகை உண்டா? கெட்டது உண்டா? (கோவை)

கெட்டதை முதலில் சொல்கிறேன், அது என்னை மிகவும் பாதித்த கதை. நியூ ஆர்லியன்ஸின் ‘டைம்ஸ்-பிக்கயூன்’ 1837இல் தொடங்கிய பத்திரிகை. 2005இல் கத்ரீனா புயலில் நகரமே மூழ்கி, அச்சு இயந்திரம் ஓடாத நாட்களிலும் இணையத்தில் பதிப்பை வெளியிட்டது. அதற்காக 2006இல், அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசும் பெற்றது. அந்தப் பத்திரிகையை 2012 அக்டோபரிலிருந்து புதன், வெள்ளி, ஞாயிறு மட்டும் என்று ஆக்கினார்கள். சுமார் 200 பேருக்கு வேலை போயிற்று. இணைய வசதி இல்லாத வீடுகள் ஏராளமாக இருந்த நகரம் அது. ஊர்ப் பெரியவர்கள் கடிதம் எழுதினார்கள், மக்கள் கூட்டம் போட்டார்கள். உரிமையாளர்கள் இறங்கி வரவில்லை.

பக்கத்து ஊரான பேட்டன் ரூஜிலிருந்து ‘தி அட்வகேட்’ உள்ளே வந்தது. தினமும் வீட்டுக்கே போட்டது. 2013இல் ‘டைம்ஸ்-பிக்கயூன்’ மற்ற நாட்களுக்கு ஒரு சிறிய பதிப்பைக் கடைகளில் விற்றுப் பார்த்தது, எடுபடவில்லை. 2019இல் அட்வகேட்டின் உரிமையாளரே ‘டைம்ஸ்-பிக்கயூனை’ வாங்கிக்கொண்டார். தினசரி வாசலுக்கு வருவதை மக்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதைக் கணக்குப் போட்டவர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்பது என் திடமான கருத்து.

நன்றாக வந்ததற்கு மான்ட்ரியாலின் ‘லா பிரஸ்’. 2013இலேயே டேப்லெட் பதிப்பைக் கொண்டுவந்து வாசகரைப் பழக்கினார்கள். 2016 தொடக்கத்தில் வார நாள் அச்சையும், 2017 முடிவில் சனிக்கிழமை அச்சையும் நிறுத்தினார்கள். மாற்றை முதலில் கையில் கொடுத்துவிட்டு, பழையதை அப்புறம் எடுத்ததுதான் வித்தியாசம்.

வயதானவர்கள் என்ன செய்வார்கள்? என் மாமனாருக்கு போனில் எழுத்தே தெரியாது. (டல்லாஸ்)

அம்மா, இதற்கு நான் பார்த்ததில் நேர்மையான முயற்சி அர்கன்சாஸில் நடந்தது. ‘அர்கன்சாஸ் டெமாக்ரட்-கெஸட்’ ஞாயிறு தவிர மற்ற நாள் அச்சை நிறுத்தியபோது, சந்தாதாரர்களுக்கு ஐபேட் கொடுத்து, உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தது. உங்கள் மாமனாருக்கும் டேப்லெட்டில் அச்சுப் பக்கம் அப்படியே தெரியும் பதிப்பைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். செய்தித் தளத்தைவிட அதுதான் அவர் கைக்குப் பழகும்.

பேப்பர் போடும் ஆளுக்குப் பதிலாகத் தபாலில் வருவது பரவாயில்லையா? (ஒஹாயோ)

செலவு குறையும், அவ்வளவுதான். மதியம் வரும் பேப்பரில் முந்தின இரவு ஆட்டத்தின் முடிவு இருக்காது. ஞாயிறு தபாலும் கிடையாது.

நம் ஊரிலும் இப்படி வருமா? (சென்னை)

இதே வடிவத்தில் வருவது கடினம். நெருக்கமான தெரு, ஏஜென்ட் வழியாக விநியோகம், மாதக் கடைசியில் எடைக்குப் போடும் வழக்கம் எல்லாம் இங்கே பேப்பருக்குப் பலம். 2020 ஊரடங்கில் பேப்பரை நிறுத்திய பல வீடுகள் மறுபடி வாங்கவில்லையே என்பதுதான் என் கவலை. அதிகாலையில் பேப்பர் போட ஆள் கிடைப்பதும் சிரமமாகிவிட்டது.

நாட்களைக் குறைத்தார்கள், சந்தாத் தொகை குறையவில்லை. கேட்கலாமா? (நியூ ஜெர்ஸி)

கட்டாயம் கேளுங்கள். போனிலேயே கேளுங்கள். ரத்து செய்யப் போகிறேன் என்றால் பல பத்திரிகைகள் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘சிறப்புப் பதிப்பு’ என்று தனியாகப் பணம் பிடித்திருக்கிறார்களா என்று பில்லைப் பாருங்கள். சில இடங்களில் அதற்காகச் சந்தா முடியும் தேதியை முன்னுக்கு இழுத்துவிடுகிறார்கள்.