சுற்றுச்சூழல் அறிவியல் குறுகிய கால கோர்ஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

முதுகலை, பிஎச்டி மாணவர்களுக்கு நடக்கற ரெண்டு வார கோர்ஸ்கள்ல பாடம் எடுக்கறேன், என் துறை நிலத்தடி நீர். விசா கேள்வி வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் கெமிஸ்ட்ரி. ரெண்டு வாரத்துல மத்த துறைல என்னத்த கத்துக்க முடியும்?

பதில்: முழுசா எதையும் முடியாது, அதுக்காகப் போகவும் கூடாது. பக்கத்து துறைக்காரங்க எப்படி யோசிக்கறாங்கன்னு பிடிபட்டா போதும். ஒரு தடவ கிணத்துத் தண்ணி நைட்ரேட் டேட்டா குடுத்திருந்தோம், பொது சுகாதாரம் படிச்ச பொண்ணு லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரைக்கும் பரவால்லங்குது, ஹைட்ராலஜி (நீரியல்) பையன் 10தான்னு நிக்கறான், முக்கால் மணி நேரம் சண்டை. கடைசில பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்! உலக சுகாதார நிறுவனத்தோட 50 முழு நைட்ரேட்டுக்கு, அமெரிக்காவோட 10 அதுல இருக்கற நைட்ரஜனுக்கு மட்டும், 4.43ஆல பெருக்குனா 44 வரும். ஷீட்ல தலைப்போட கடைசில ஒட்டியிருந்த 'N'ங்கற எழுத்த, அதாவது நைட்ரஜன் கணக்குங்கற குறிப்ப, யாருமே பாக்கல. மொதல்ல யூனிட்ட கேளுங்க.

கேள்வி: சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்கா?

பதில்: தனியா பெருசா இல்ல. அங்க செஞ்ச வேலைய காட்டுங்க.

கேள்வி: இன்னும் நீளமா எதாவது இருக்கா மேடம்?

பதில்: ஆஸ்திரியால இருக்கற ஐஐஏஎஸ்ஏங்கற சர்வதேச ஆய்வு நிறுவனம் நடத்தற இளம் விஞ்ஞானிகள் கோடைத் திட்டம், 1977ல இருந்து நடக்குது, மூணு மாசம். பிஎச்டி பண்றவங்களுக்கு.

கேள்வி: பேட்டி எடுக்கறதெல்லாம் அறிவியலா? கோர்ஸ்ல அதுக்கு மூணு நாள் வீணாக்கறாங்க.

பதில்: வீணே இல்ல. பங்களாதேஷ்ல குளத்துத் தண்ணியால வர்ற நோயத் தடுக்க 1970கள்ல இருந்து ஊரெல்லாம் அடிபம்பு போட்டாங்க, கிருமி குறைஞ்சுது, ஆனா மண்ணுக்கடியில ஆக்சிஜன் இல்லாத எடத்துல இரும்பு ஆக்சைடு கரையும்போது அதுல ஒட்டியிருந்த ஆர்சனிக்ங்கற விஷமும் தண்ணில எறங்கியிருந்துச்சு, 1993லதான் தெரிஞ்சுது. பம்ப சோதிச்சு ஆர்சனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தா சிவப்பு பெயிண்ட், கீழ இருந்தா பச்சை. சரி, அப்புறம்? பச்சை பம்பு யாரு வாசல்ல இருக்கு, அங்க போய் தண்ணி எடுக்க யார விடுவாங்க, குடத்தோட எவ்ளோ தூரம் நடக்கணும்? எந்த மெஷினும் சொல்லாது, அந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட உக்காந்து கேக்கணும்.

கேள்வி (அதே தம்பி): பேட்டில மாத்தி சொல்லலாமே?

பதில்: சொல்லலாம். சென்சாரும்தான் நாள்பட மாத்தி காட்டும். அதுக்கு கேலிப்ரேஷன் (தெரிஞ்ச அளவோட ஒப்பிட்டு சரி பண்றது), பேட்டிக்கு ஒரே விஷயத்த நாலு பேர்கிட்ட கேட்டு ஒத்துப் பாக்கறது.

கேள்வி: அப்ப கெமிஸ்ட்ரி தேவையில்லைங்கறீங்களா?

பதில்: அது இல்லாம சிவப்பு பச்சையே கிடையாதேப்பா. ஆனா ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது 10 மைக்ரோகிராம். 30 இருக்கற பம்புக்கும் பச்சை அடிச்சிருக்காங்க. கோட்ட எங்க போடறதுங்கறத கெமிஸ்ட்ரி மட்டும் முடிவு பண்ணல, எத்தன பம்ப மூட முடியும், மாத்துத் தண்ணி எங்கங்கறதும் சேர்ந்துதான்.

கேள்வி: சர்டிபிகேட் வேலைக்கு உதவுமா?

பதில்: மேல ஏற்கனவே சொல்லிட்டேன், அத பாருங்க.

கேள்வி: ஆன்லைன் சர்டிபிகேட்?

பதில்: அதே பதில்தான், இனிமே சர்டிபிகேட் கேள்விய எடுக்க மாட்டேன்.

கேள்வி: யானை வழித்தடம் பத்தி கோர்ஸ்?

பதில்: காட்டுயிர் ஆளுங்கள கேளுங்க, எனக்குத் தெரியாது.

கேள்வி: கோர்ஸுக்குப் போக கைடு விட மாட்டேங்கறாரு அக்கா.

பதில்: ஆய்வுல எந்த எடத்துல மாட்டி நிக்கறீங்க, கைல என்ன டேட்டா, என்ன யூனிட், எந்த துறைக்காரங்க கூட உக்காந்தா தெளியும்னு ஒரே பக்கத்துல எழுதிக் காட்டுங்க. அப்ளிகேஷனுக்கும் அதே பக்கம் ஆகும்.