ஹாம்லெட்டின் பைத்திய வேடம் – கடிதம்

வணக்கம் ஐயா,

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வஞ்சனையும் பைத்திய வேடமும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். ஹாம்லெட்டுக்கு நிஜமாகவே புத்தி பேதலித்ததா, எல்லாம் நடிப்புதானா? ஒவ்வொரு விமர்சகரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

விமர்சனங்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். கையில் பென்சிலோடு நாடகத்தை இன்னொரு முறை படியுங்கள். ஹாம்லெட் பேசும் இடத்திலெல்லாம் எதிரே நிற்பது யார், ஒளிந்து கேட்பது யார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் நண்பன் ஹொரேஷியோவிடம் அவன் தெளிவாக, அழகான செய்யுளில் பேசிக்கொண்டிருக்கிறான். அரசன் வருகிறான் என்றதும் ‘இனி நான் புத்தி கெட்டவனாக வேண்டும்’ என்கிறான். அடுத்த நொடி, நலம் விசாரித்த அரசனிடம் பச்சோந்திபோல் காற்றைத் தின்பதாக உளறுகிறான், உரைநடையில். வேடம் ஏறுவது நம் கண்முன்னே நடக்கிறது. ஆனால் உரைநடை வந்தாலே நடிப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நடிகர்களோடும் அவன் உரைநடையில்தான் பேசுகிறான், அங்கே அவனைவிடத் தெளிவானவர் யாரும் இல்லை.

ஆகவே, நடிப்புதான் என்பது என் எண்ணம். என்னை உறுத்துவது வேறு: எதற்காக நடிக்கிறான்?

சுமார் 1200-இல் சாக்ஸோ கிராமட்டிகஸ் எழுதிய டென்மார்க் வரலாற்றில் இந்தக் கதையின் மூலம் இருக்கிறது. அதில் ஹாம்லெட்டின் பெயர் அம்லெத்; அவன் அப்பாவைச் சித்தப்பா கொன்றது ஊரறிந்தது. அம்லெத் அசடுபோல் நடிக்காவிட்டால் அவன் உயிர் மிஞ்சாது. ஷேக்ஸ்பியரோ கொலையை ரகசியமாக்கிவிட்டார். தூங்குகிற அப்பாவின் காதில் விஷம், பாம்பு கடித்ததாக ஊருக்கு ஒரு கதை. ஹாம்லெட்டுக்கு உண்மை தெரியும் என்ற சந்தேகமே, கொன்றுவிட்டு அரசனான சித்தப்பா கிளாடியஸுக்கு இல்லை. இந்த வேடத்தால்தான் அவன் உஷாராகிறான், ஒற்றர்களை ஏவுகிறான். நடிப்புக்குப் போதிய காரணம் இல்லை என்று ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-லேயே குறைபட்டுக்கொண்டார்.

எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்த அரண்மனையைப் பாருங்கள். கிளாடியஸ் சிரித்த முகத்தோடு கொலையை மறைக்கிறான். அரசனின் ஆலோசகர் பொலோனியஸ் பாரிஸுக்கு ஆள் அனுப்பி, சொந்த மகனைப் பற்றியே சின்னச் சின்னப் பொய்களைச் சொல்லி வேவு பார்க்கச் சொல்கிறார். பள்ளித் தோழர்கள் இருவரும் அரசன் வரவழைத்தவர்கள். அங்கே மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லப் பைத்தியத்துக்கு மட்டும்தான் அனுமதி. ஹாம்லெட் அந்த அனுமதியை எடுத்துக்கொள்கிறான் என்றே நான் படிக்கிறேன்.

ஆனால் அதற்கு விலை கொடுப்பவள் பொலோனியஸின் மகள் ஒஃபீலியா. பித்தன் கோலத்தில் அவள் அறைக்குள் வந்து, மணிக்கட்டைப் பிடித்து, பேசாமல் வெறித்துவிட்டுப் போகிறான். அது வேடம் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. அம்மாவிடமோ ‘எனக்குப் பைத்தியம் இல்லை, இது தந்திரம்’ என்கிறான். அதே இரவில்தான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற ஒஃபீலியாவின் அப்பாவைக் குத்திக் கொல்கிறான். கடைசியில் அவள் அண்ணன் லேயர்ட்டீஸிடம் மன்னிப்புக் கேட்கும்போதோ, ‘அதைச் செய்தது ஹாம்லெட் அல்ல, அவனுடைய பைத்தியம்’ என்கிறான். அம்மாவிடம் சொன்னது பொய்யா, இது பொய்யா? ஹாம்லெட்டை மிகவும் நேசிக்கிற எனக்கே இந்த இடத்தை மன்னிக்க முடியவில்லை.

கட்டுரையை நான்காம் அங்கம் ஐந்தாம் காட்சியில் தொடங்கிப் பாருங்களேன். ஒஃபீலியா பாடிக்கொண்டே ஆளுக்கொரு பூ கொடுக்கிறாள். வயலட் பூக்களைத் தரலாம் என்றிருந்தாளாம், அப்பா இறந்ததும் எல்லாம் வாடிப்போயின என்கிறாள். யார் முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்ற கணக்கு அவளிடம் துளியும் இல்லை. அந்தக் காட்சியில் ஹாம்லெட் கிடையாது. அவன் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டான்.

அன்புடன்.