குட்டிகளுக்குக் கழிச்சல்: கால்சியம் டானிக்கை நிறுத்தலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் கொடி ஆடு வளர்க்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து இரண்டு மாதக் குட்டிகள் சளியும் ரத்தமுமாகக் கழிகின்றன. புழுக்கையைச் சோதித்த மருத்துவர், காக்சிடியா என்று சொல்லி ஆம்ப்ரோலியம் கொடுத்தார். கால்சியம்தான் அந்தக் கிருமியைக் குடலுக்குள் நுழைய வைக்கிறது என்று கைபேசியில் ஒரு வீடியோ வந்தது. நான் தினமும் கால்சியம் டானிக் ஊற்றி வருகிறேன். நிறுத்திவிடவா?

பதில்: கால்சியத்துக்காக நிறுத்த வேண்டாம். வீடியோவில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் குழப்பம்.

காக்சிடியா ஒற்றைச் செல் உயிரி. அதன் முன்முனையில் மைக்ரோனீம் என்ற நுண்பைகள் உண்டு. அந்தக் கிருமியின் செல்லுக்குள் கால்சியம் திடீரென உயர்ந்தால் அந்தப் பைகள் திறந்து ஒட்டும் புரதங்களைக் கக்கும். அவற்றால் குடல் செல்லைப் பற்றிக்கொண்டு கிருமி உள்ளே நுழையும். அதன் நெருங்கிய உறவான டாக்சோபிளாஸ்மாவில்தான் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கால்சியம் தூண்டும் சி.டி.பி.கே.1 என்ற நொதி இல்லாவிட்டால் டாக்சோபிளாஸ்மாவால் புரதம் கக்க முடியாது என்று 2010-இல் தெளிவானது. இந்த வகை நொதி செடிகளில் உண்டு, ஆட்டிலும் மனிதரிலும் இல்லை. அதனால் மருந்து தேடுபவர்களுக்கு அதன் மேல் ஒரு கண்.

ஆனால் அந்தக் கால்சியம் பெரும்பாலும் கிருமி தன் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைத்திருப்பது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வரும் விருந்தாளியை நாம் பட்டினி போட முடியுமா? வெளியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், குடலில் அதற்கு எப்போதும் பஞ்சமில்லை. 100 மில்லி ஆட்டுப்பாலிலேயே சுமார் 130 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கால்சியத்தைத் தடுக்க வேண்டுமானால் தாயிடம் பால் குடிப்பதையே தடுக்க வேண்டும், அப்புறம் குட்டி எப்படிப் பிழைக்கும்?

நீங்கள் பார்க்க வேண்டியது டானிக் புட்டியின் லேபிளில் வேறொன்றை. தயமின், பி1, பி காம்ப்ளக்ஸ் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? தயமின் என்பது வைட்டமின் பி1. ஆம்ப்ரோலியம் அது மாதிரி வேஷம் போட்டுக் கிருமியை ஏமாற்றும் மருந்து. அதோடு சேர்த்துத் தயமினையும் ஊற்றினால் மருந்தின் வேலை கெடும். வழக்கமாக 5 நாள் கொடுப்பார்கள். அதுவரை அப்படிப்பட்ட டானிக் வேண்டாம். கால்சியம், பாஸ்பரஸ், டி3 மட்டும் இருந்தால் ஊற்றுங்கள். அதனால் கழிச்சல் நிற்கப்போவதில்லை, கெடுதலும் இல்லை.

டானிக்கை விடப் பட்டித் தரைதான் எனக்குக் கவலை. புழுக்கையோடு விழும் கிருமி முட்டை விழுந்தவுடன் நோய் தராது. ஈரம், காற்று, வெதுவெதுப்பு கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் 8 கிருமிகள் தயாராகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரப் பட்டிகளில் இந்த மூன்றுக்கும் குறைவே இல்லை. அதனால் புழுக்கையைத் தினமும் காலையில் கூட்டி அள்ளிவிடுங்கள். வாரத்துக்கு ஒருநாள் கூட்டுவது இந்த நோய்க்கு உதவாது. ஈர மணலை வழித்தெடுத்து உலர்ந்த மணல் போடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு தூவினால் ஈரம் வற்றும், ஆனால் முட்டை சாகும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சாதாரண கிருமிநாசினிக்கும் அது அசையாது. வெயிலும் உலர்ச்சியும்தான் அதற்கு எமன்.

தழையைக் கீழே போடாமல் கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் புழுக்கை விழாத உயரம் வேண்டும். பெரிய ஆடுகள் நோய் காட்டாமலே முட்டையைப் பரப்பும், ஆகவே குட்டிகளுக்குத் தனித் தடுப்பு போட்டு, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் தாயிடம் விடுங்கள். முடிந்தால் அடுத்த மழைக்குள் ஆடுகள் தரைக்கு மேலே நிற்க ஒரு பரண் கட்டிவிடுங்கள்.

கழிச்சலில் நீர் வற்றிய குட்டிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள்.

ஆம்ப்ரோலியத்தை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேலோ, சொன்ன நாளைத் தாண்டியோ கொடுக்காதீர்கள். குட்டியின் உடம்பிலேயே தயமின் குறைந்துவிடும். கழுத்து பின்னால் வளைந்து வானம் பார்த்தாலோ, கண் தெரியாமல் முட்டினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள், பி1 ஊசி போட வேண்டிவரும்.